துருசுக் கதவின் சிவப்பு

வட்டக்கச்சியில் எங்களுக்குக் கிடைத்த காணியில் எங்களுக்கு முன்பே குடியிருந்தது கறையான். ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வீடு போட்டவர்கள் நாங்கள். சுவரில் சாத்திய மண்வெட்டிப் பிடியைக்கூட அது விட்டுவைக்கவில்லை. அதனால், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசின் இரும்புக் கதவுக்குப் பூசி மிஞ்சிய சிவப்பு வர்ணத்துக்கு எங்கள் பக்கத்தில் பெரிய மதிப்பு. தண்ணீருக்கே அசையாத பூச்சு, கறையானா கிட்ட வரும் என்று கூரையைத் தாங்கும் கப்புக்கும் கதவுக்கும் பூசினோம்.

என் கணவர் மகளுக்கு ஒரு நடைவண்டி செய்து, அதற்கும் அதையே பூசினார். காயவைத்துவிட்டு, "இவளின்ரை பிள்ளையளும் இதிலை நடக்கலாம்" என்றார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. அந்தச் சிவப்புக்குள் ஈயம் இருக்கிறதென்று யார் கண்டது?

மகள் வாய் ஓயாதவள். அப்பா, தண்ணி, கொக்கு என்று தெரிந்த நாலு சொல்லையும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். பல் முளைக்கும் தினவில் வண்டியின் கைப்பிடியைக் கடித்தபடி நிற்பாள். பிறகு சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். வயிறு இறுகியது, முகம் வெளிறியது. பூச்சி என்றார்கள், மருந்து கொடுத்தேன். கண்ணூறு என்றார்கள், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். ஒருநாள் வயலில் நின்ற கொக்கைக் காட்டினேன். பார்த்தாள், சொல்லவில்லை. அன்று பின்னேரமே அவளுக்கு வலிப்பு வந்தது.

ஆசுபத்திரியில் டொக்டர் அவள் உதட்டை உயர்த்தி முரசைப் பார்த்தார். ஈறில் பல்லோரமாக ஒரு கருநீலக் கோடு.

"பிள்ளை என்னத்தைச் சப்பிறது?"

"நடைவண்டிலின்ரை பிடியை, ஐயா."

"அதுக்கு என்ன பூசினீங்கள்?"

கணவர் சொன்னார். டொக்டர் பிள்ளையின் உதட்டை மெல்ல விட்டார்.

"அதிலை இருக்கிறது ஈயம். சின்னப் பிள்ளைக்கு மூளையைத்தான் பிடிக்கும். வண்டிலை எரிக்கவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். வேறை பிள்ளை தொடாமல் மண்ணுக்குள்ளை தாட்டுவிடுங்கோ."

உயிரோடு அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வண்டி இல்லை. எங்கள் ஒழுங்கையில் நடைவண்டி ஒரு வீட்டில் தங்குவதில்லை. யார் பிள்ளை எழுந்து நிற்கிறதோ அந்த வீட்டுக்குப் போகும், கேட்டு எடுக்கிற வழக்கமும் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டு அக்காவின் மகன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். பிடியெல்லாம் எச்சில். ஒரு சொல் சொல்லாமல் பறித்தேன். பையன் வீறிட்டான்.

"இதிலை நஞ்சிருக்காம் அக்கா, டொக்டர் சொன்னவர்."

"ஊரெல்லாம் பூசேக்கை இல்லாத நஞ்சோ? உன்ரை பிள்ளை நடக்காட்டில் என்ரை பிள்ளையும் நடக்கக்கூடாதோ?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. "ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். கிணற்றுக்குத் தூரமாக, காணியின் மூலையில் கணவர் கிடங்கு வெட்டினார். வண்டியை உள்ளே இறக்கும்போது அவர் தோள் குலுங்கியது. ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வருஷக்கணக்காக அந்த அக்கா எனக்கு முகம் கொடுக்கவில்லை. அவவின் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வேலியோரமாகப் போவான். அவனுடைய குரல் கேட்டால் எனக்கு வயிறு எரியும், அவன் தப்பியதை நினைத்துச் சந்தோஷப்படவும் செய்வேன். என் மகள் நன்றாக நடந்தாள். பேச்சுத்தான் திரும்பவில்லை.

ஒருநாள் காலையில் அவன் எங்கள் வேலிப் படலையடியில் நின்று, "கொக்கு, அங்கை பார்" என்று அவளுக்கு வானத்தைக் காட்டினான். அவள் அவனுடைய விரலையே பார்த்துச் சிரித்தாள். பின்னால் வந்த அவன் தாய் அதைக் கண்டு நின்றுவிட்டா. மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை காலத்துக்குப் பிறகு என்னோடு கதைத்தா.

"தங்கச்சி, அதை ஆழமாத்தானே தாட்டனீங்கள்?"

"ஓம் அக்கா" என்றேன்.