இறகு வளர்ந்துகொண்டே இருந்த குஞ்சு

அந்தப் பெரிய மனிதர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஆறிவிடும் என்று நானும் பார்த்தேன். ஆறவில்லை.

அப்போது நாங்கள் பூந்தமல்லியில் இருந்தோம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் பட்டாளத்துக்காக வரிசையாகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. தச்சு வேலை தெரிந்த யாரும் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்காரரும் விடிந்ததும் சைக்கிளில் அங்கே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காட்டுப்பாக்கத்தில் ஒரு தோட்ட வீட்டுக்குப் போவார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருடைய வீடு அது. வெள்ளைக்காரர்களோடு பழகி, அவர்களைப் போலவே பறவை வளர்க்கும் ஆசை வந்தவர். ஓர் அறை அகலத்துக்குக் கூண்டுகள். உள்ளே பச்சையும் மஞ்சளும் நீலமுமாகச் சின்னஞ்சிறு கிளிகள். லவ் பேர்ட்ஸ் என்பார்கள். புதுக் கூண்டு ஒன்றைச் செய்து முடித்த அன்று, ஒரு ஜோடியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "உன் சம்சாரத்துக்குக் கொடு, பொழுது போகும்" என்றாராம்.

எனக்குப் பொழுது போகாமல் இருந்தது உண்மைதான். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு முறை தரித்து, இரண்டுமே தங்கவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடு இருந்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் என்னை அழைத்துப் போகமாட்டார். அதுவே போதாதா?

அந்த ஜோடி வந்ததும் வீடு கலகலவென்று ஆனது. கூண்டுக்குள் ஒரு சின்ன மண்கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். தினை போட்டோம், கீரைத்தண்டு செருகினோம். இரண்டு மாதத்தில் கலயத்துக்குள் நாலு முட்டை. மூன்று பொரிந்தன. தோலும் கண்ணுமாக இருந்த குஞ்சுகளுக்கு முள் முள்ளாக இறகு முளைத்து விரிந்ததை நாளுக்கு நாலு தடவை எட்டிப் பார்ப்பேன். முதல் இரண்டும் கலயத்தைவிட்டு வெளியே வந்து, குச்சியில் உட்கார்ந்து, பறக்கவும் பழகிவிட்டன. மூன்றாவது வரவில்லை.

கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். மற்றவற்றுக்கு வளர்ந்து நின்றுபோன இறகு, இதற்கு நிற்காமல் வளர்ந்திருந்தது. நேராகவும் இல்லை, ஒவ்வொன்றும் சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, மொத்தத்தில் ஒரு பெரிய சாமந்திப்பூவைக் கையில் வைத்த மாதிரி இருந்தது. கண் தெரியவில்லை, கால் தெரியவில்லை. நடந்தால் இறகே தடுக்கி விழுந்தது. பசி மட்டும் அதிகம். மற்ற இரண்டும் தின்பதை இது ஒன்றே தின்னும். தின்பதெல்லாம் இறகுக்கே போனதோ என்னவோ, பிடித்துப் பார்த்தால் உள்ளே உடம்பே இருக்காது.

தினையை ஊறவைத்து நானே ஊட்டினேன். கண்ணை மறைத்த இறகைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். ஒரு வாரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். எச்சம் ஒட்டிய இடத்தை வெந்நீர்த் துணியால் துடைப்பேன். மடியில் விட்டால் கிணுகிணுவென்று முனகிக்கொண்டே தூங்கிப்போகும். அதைப் பார்த்துத்தான் நாத்தனார் ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"இன்னா தொட்டாலும் இப்டிதான் ஆவுது. அது அவ கையில கீது" என்றார். என்னிடம் சொல்லவில்லை. தம்பியிடம் சொன்னார், நான் கேட்கும்படி.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபமும் எனக்கு வெகுநாள் இருந்தது.

வைத்தியம் இருந்தால் கேட்கலாம் என்று அடுத்த ஞாயிறு நானும் கூடவே காட்டுப்பாக்கம் போனேன். குஞ்சைக் கூடையில் வைத்து, மேலே துணி போட்டு எடுத்துப்போனேன். அந்த வீட்டுப் பெரிய மனிதர் சாய்வு நாற்காலியில் இருந்தார். துணியை விலக்கியதும் முகம் ஒரு மாதிரி ஆனது. கிட்டே வரவில்லை, தொடவில்லை. எடு எடு என்று கையாட்டினார்.

"விளக்குப் புகையிலே வைத்திருப்பாய். அழுக்கு. கண்டதையும் தின்னக் கொடுத்திருப்பாய். உங்களைப் போன்ற ஜனங்களிடம் பறவையைக் கொடுத்தது என் தப்பு" என்றார்.

துணியை மூடிக் கூடையைத் தூக்கிக்கொண்டேன். பெரிய மனிதர், பறவை விஷயம் எல்லாம் படித்தவர், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு வந்து சிம்னி விளக்கை வேறு மூலைக்கு மாற்றினேன். கூண்டைத் தினம் மூன்று தரம் கழுவினேன். தினையைப் புடைத்துப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். எங்களுக்கு அரிசியே கிடைக்காமல் அல்லாடிய நாளில், அந்தத் தினையில் ஒரு கல் இருக்காது. அடுத்த ஈட்டில் நாலு குஞ்சு பொரிந்தது. மூன்று நன்றாக இருந்தன. நாலாவது அதே மாதிரி சுருண்டு வளர்ந்து, கலயத்துக்குள்ளேயே செத்தது. அன்று நான் சாப்பிடவில்லை. நாத்தனார் சொன்னது நிஜம்தானோ என்று என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சந்தையில் தினை வாங்கும்போது, காட்டுப்பாக்கம் வீட்டில் கூண்டு கழுவுகிற பெண்ணைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் கூடையோடு போன அன்று கூண்டுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டவள். அவளாகவே என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ ஒண்ணும் பண்ல கண்ணு. அந்த ஜோடிக்கு அங்கியே ரெண்டு தபா இப்டி பொறந்துச்சு. பாக்க வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஐயா என்னை வுட்டே தண்ணில அமுக்கச் சொன்னாரு. அப்பால தான் அத்த உங்க ஊட்டுக்குத் தள்ளிவுட்டாரு" என்றாள். சொல்லும்போது தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதே வம்சத்தில் இன்னொரு ஜோடியை நசரத்பேட்டையில் ஒரு வாத்தியார் வீட்டுக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள்.

தினையை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். கூடையை எடுத்தேன், முதல் ஈட்டில் பிழைத்திருந்த அந்தக் குஞ்சை வைத்தேன், யாரிடமும் சொல்லாமல் காட்டுப்பாக்கத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் வெயில். எனக்கு அது உறைக்கவில்லை.

அங்கே பறவை பார்க்க இரண்டு குடும்பம் வந்திருந்தது. அவர் கூண்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நான் நேரே போய்க் கூடையை அவர் காலடியில் வைத்துத் துணியை எடுத்தேன். வந்திருந்த அம்மாள் ஒருத்தி இரண்டடி பின்னால் போனாள்.

"இது எங்க ஊட்டுப் பொகையால வந்துதுன்னீங்களே ஐயா. இங்கியே ரெண்டு தபா பொறந்துச்சாமே. அதுங்களுக்கு யாரு பொகை போட்டா?" என்றேன்.

யார் சொன்னது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. கூண்டு கழுவுகிறவள் வாளியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவர் குரலைத் தணித்து, அதற்கென்ன இப்போது, வேறு நல்ல ஜோடியாக ஒன்று எடுத்துக்கொண்டு போ என்றார்.

"ஜோடி வாணாம். அழுக்கு ஜனம்னு சொன்னீங்க. அது பொய்யின்னு இவங்க எதுர்ல சொல்லுங்க, போதும்."

அவர் தோட்டக்காரனைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பச் சொன்னார். நான் கேட்டைத் தாண்டுமுன்பே வந்திருந்தவர்கள் நீலக் கிளியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். எங்கே போனாய், ஏன் போனாய் என்று முதலில் கத்தினார். ஆவடி வேலைக்குச் சிபாரிசு செய்ததே அந்த மனிதர்தான். பிறகு உளியை எடுத்துத் தீட்டினார். கடைசியில், "செர்தான்மே. இனிமே அந்த ஊட்டுக்கு நான் போவல" என்றார். அக்காவைக் கூப்பிட்டு, குஞ்சு அப்படிப் பிறந்தது தாய் தகப்பன் வழியில் வந்தது, இவள் கையை இனி யாரும் பேசக்கூடாது என்றும் சொன்னார். ஐந்து வருஷத்தில் அவர் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. நாத்தனார் தலையை ஆட்டினார். நம்பினார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு வாரம் கழித்து நசரத்பேட்டைக்குப் போனேன். வாத்தியார் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தவள் அவருடைய மனைவி. என் வயதுதான் இருக்கும். உங்கள் வீட்டுப் பறவை குஞ்சு பொரித்ததா, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று அவசரமாகச் சொல்லி, கதவைச் சாத்தப் போனாள். நான் கூடையைத் திறந்து காட்டினேன்.

அவள் அதையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், அரிசிப் பானைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு முறத்தை எடுத்துவந்தாள். மேலே மூடியிருந்த துண்டை எடுத்தாள். பச்சை நிறத்தில் இன்னொரு குஞ்சு. இறகு கண்ணை முழுக்க மூடியிருந்தது.

"அவருக்குக்கூடத் தெரியாதுக்கா. நான் முழுகாம இருக்கேன். கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேன், அதான் இதுக்கு இப்டி ஆயிடுச்சோன்னு..." என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் பயத்தைச் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், அந்தக் குஞ்சையும் கைவிடாமல் ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

கூண்டு கழுவுகிறவள் சொன்னதை எல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு முறை திரும்பச் சொல்லக் கேட்டாள். பிறகு கத்தரி கொண்டுவரச் சொல்லி, கண்ணைக் குத்தாமல் இறகை எப்படி நறுக்குவது என்று காட்டினேன். அவளே பாதி நறுக்கினாள். குஞ்சுக்குக் கண் தெரிந்ததும் தலையைத் தூக்கி அங்குமிங்கும் பார்த்தது.

என்னுடையது மார்கழியில் செத்தது. பிறந்து எட்டு மாதம் இருக்கும். அதற்குள் கூண்டிலிருந்த கலயத்தை அவிழ்த்துவிட்டோம். தாய்ப் பறவை அதற்குப் பிறகு முட்டையிடவில்லை. வாத்தியார் மனைவிக்குப் பங்குனியில் பெண் பிறந்தது, ஒரு குறையும் இல்லாமல். ஆளனுப்பி எனக்குச் சொன்னாள். அந்தக் காட்டுப்பாக்கம் மனிதரோ, கடைசிவரை பறவை வளர்ப்பில் பெரிய நிபுணர் என்றே பேர் வாங்கினார்.