கொள்ளிடம் வரை வந்த அப்பா

எங்கள் அப்பா பிறந்தது அத்திப்பட்டில், குடும்பம் நடத்தியது திருவொற்றியூரில். ஆனால் அவருடைய ஆயுளில் பெரும்பகுதி சாலையில்தான் போயிற்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லரை ஓட்டினார்.

துறைமுக வாசலுக்கு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் நாட்களில், எங்கள் தெருமுனையிலேயே அப்பாவின் வண்டியும் நிற்கும். இறங்கினால் இடம் போய்விடும் என்பதால் அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுபோவார். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு நடுரோட்டில் சாப்பிட்டவர் அப்பா. அதைச் சொல்லிச் சிரிப்பாரே தவிர, அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

கிளம்பிய பிறகு, ஒவ்வோர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி அம்மாவுக்குப் போன் செய்வார்.

"பாலாறு தாண்டிட்டேம்மே."

"தண்ணி கீதாய்யா?"

"எங்க கீது, மணலுதான்."

தென்பெண்ணை, கொள்ளிடம், காவிரி, வைகை என்று வரிசையாகப் போன் வரும். தூத்துக்குடி உப்பளம் கண்ணில் பட்டதும், "வந்து சேந்துட்டேம்மே" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். தாம்பரத்தைக்கூடத் தாண்டாத அம்மாதான் எனக்குத் தமிழ்நாட்டு ஆறுகளை வரிசை மாறாமல் சொல்லிக் கொடுத்தார். "வேலைய வுட்டதும் உன்ன இட்டுகினு போறேம்மே" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிவரை அது நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று அப்பாவுக்கு நினைவு தடுமாறியது. கட்டிலை வண்டி என்று நினைத்துக்கொண்டு, "பாலாறு தாண்டியாச்சு" என்றார். நாங்கள் அழுதோம். அம்மா மட்டும் அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்து, "தண்ணி கீதாய்யா?" என்று கேட்டார்.

"ரெண்டு கரையும் ஓடுது."

பிறகு தென்பெண்ணை வந்தது. வெகுநேரம் கழித்து, "கொள்ளிடம் தாண்டிட்டேம்மே" என்றார். அம்மா காவிரிக்காகக் காத்திருந்தார். அந்த இரண்டு பாலங்களுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். அதைக் கடக்க அப்பாவுக்கு மூச்சு இல்லை.

எங்கள் குடும்பத்தில் யார் போனாலும் அஸ்தியைக் காசிமேட்டுக் கடலில் கரைப்பதே வழக்கம். சித்தப்பா படகுக்குச் சொல்லி வைத்திருந்தார். அம்மா அஸ்திச் செம்பைக் கொடுக்கவில்லை. "அவரு பாதி வழியில நின்னுகினு கீறாரு. வண்டிய இப்படியே திருப்பச் சொல்றியா?" என்றார். சித்தப்பா படகுக்காரருக்குப் போன் செய்து வேண்டாமென்று சொன்னார்.

அப்பாவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வரிசையில் இடம் போனால் போகட்டும் என்று வண்டியை விட்டு இறங்கி வந்து தோள் கொடுத்த ஓட்டுநர்களுக்கும், எங்களைத் தம் வேனில் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்ற அப்பாவின் நண்பருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. நாங்கள் கேட்காமலே அந்த நண்பர் ஒவ்வொரு பாலத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தினார். மடியில் செம்பை வைத்திருந்த அம்மா, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தூத்துக்குடிக் கடலில் செம்பைக் கவிழ்த்த பிறகு, "வந்து சேந்துட்டோம்யா" என்றார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை.