முக்கால் குடை

செய்தி காலை பத்து இருபதுக்கு வந்தது. நகரசபையில் பொதுப்பாதைப் புகார்களைப் பார்க்கும் எழுத்தர் அப்போது மனுக்களின் ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமமாக அடுக்கிக்கொண்டிருந்தார். இருபது வருடப் பழக்கம். அவர் கைக்கு வந்த மனு ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. தீர்ந்ததும் இல்லை. இதில் பெருமைப்பட எது, வெட்கப்பட எது என்று அவருக்கே குழப்பம்.

"சார், குடைக்காரர் பொண்ணு பேசறேன். அப்பா விடிகாலைல போயிட்டாரு. திங்கக்கிழமை ஆபீசுக்கு வரமாட்டாரு. சொல்லாம விட்டா அவருக்குப் பிடிக்காது."

துக்கம் விசாரிக்க வேண்டிய வாய், பழக்கதோஷத்தில் "ஆவன செய்யறோம்மா" என்று சொல்லிவிட்டது. எழுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குடைக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போக ஒரே சந்து. பக்கத்து வீட்டுக்காரர் வேலியைச் சந்துக்குள் நகர்த்தியதில் குடைக்காரர் மனைவியின் சக்கர நாற்காலி நுழைய வழியில்லை. அந்த அம்மாள் வெளியே வந்து ஏழு மாதம். 'ஒன்றேகால் குடை இருந்த பாதை இப்போது முக்கால் குடை' என்று இவர் மனு கொடுத்தார். எழுத்தர் 'அளவு மீட்டரில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினார். மறுவாரமும் குடைக்கணக்கே வந்தது. மூன்றாம் வாரம் குடையே வந்தது.

"பஸ்ஸையே கண்ணால அளந்து ஓட்டினவன் தம்பி நான். டேப்பெல்லாம் உங்க ஆபீஸ் சாமான். நீங்களே அளந்து பெருக்கிக்குங்க."

"வெச்சிட்டுப் போங்கய்யா, பார்க்கலாம்."

அப்புறம் திங்கள்தோறும் வந்து எட்டிப் பார்ப்பார். "அளந்தாச்சா?"

"இந்த வாரம் முடிச்சிடலாங்கய்யா."

"அவசரமில்ல. குடைதானே, வளந்துடவா போகுது?"

எழுத்தர் அதை அளக்கவில்லையே தவிர, சும்மா வைத்திருக்கவில்லை. மழையில் டீக்கடைக்குப் போக இரண்டு முறை பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். நல்ல குடை.

"சார், லைன்ல இருக்கீங்களா? நாலு மணிக்கு எடுக்கறோம். பெரிய ரோடு வரைக்குமாவது கூட வரணும்னு அம்மா அழுவறாங்க. ஆபீஸ்லேருந்து யாராச்சும் நேர்ல வந்து சொன்னா வேலியைக் கழட்டிடறேங்கறாரு பக்கத்து வீட்டுக்காரரு."

யாராவது வந்து சொன்னால். ஏழு மாதமாக இவ்வளவுதானா!

அலமாரிக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்து மேஜைமேல் கிடத்தினார். டேப்பை இழுத்துப் பிடித்தார். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுத்தர் படியிறங்கினார். மேஜையில் மனுக்கள் பாதி அடுக்கியபடி, ஓரங்கள் சமமாகாமல் கிடந்தன.