பெரியப்பாவின் முறை

மூன்றாம் பக்கத்தின் மேல் மர அளவுகோலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிவப்பு மையால் ஒவ்வொரு கோடாக இழுத்தேன். பதினெட்டு வரிகள். ஒன்றும் கோணவில்லை. எதிர் நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். “அடிச்சுரு தாயி” என்று சொன்னது அவர்தான். அதனால் நான் செய்ததில் தவறொன்றும் இல்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தைப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். திருத்தவில்லை.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். பெரியம்மா இறந்த பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று காளவாசலில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் அவருக்கு வேறு முகம் வந்துவிடும். காலை ஏழு மணிக்கே சவரம் செய்து, சட்டையைத் தேய்த்து, காலணிக்குப் பாலீஷ் போட்டுத் தயாராகிவிடுவார். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபம். அதை நடத்துபவரும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். அன்று கல்யாணம் இல்லாவிட்டால், அதன் மாடியில் உள்ள சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு முன்னாள் ராணுவத்தினர் சங்கமாகக் கூடுவார்கள். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பெரியப்பா மொபெட் ஓட்டுவதை நிறுத்தியதும், அவரை என் ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலை எனக்கு வந்தது. நான் ஓர் அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கையில் எப்போதும் நாட்குறிப்பு இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருப்பேன்.

அவர்கள் பேசுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நீளமான சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் சர்வீஸில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு கதை. அடுத்த மாதமும் அதே ஆள் அதே கதையைத்தான் சொல்வார். எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் டீ டம்ளரைக் கீழே வைக்க வேண்டும் என்பது வரை எல்லோருக்கும் மனப்பாடம். யாராவது ஒரு வரியை விட்டுவிட்டால், “அண்ணே, பாலத்த விட்டுட்டீங்க” என்று எதிர்வரிசையிலிருந்து குரல் வரும். சொல்பவர் திரும்பிப்போய்ப் பாலத்தைச் சேர்த்துக்கொண்டு வருவார்.

பெரியப்பாவின் கதை கோவேறு கழுதைக் கதை. வடக்கே பனிமலையில் ஒரு காவல் சாவடிக்குக் கழுதை மேல் சாமான் ஏற்றிப்போனது.

“கழுதைக்கு பின்னங்காலு ரெண்டும் வழுக்கிருச்சு. கீழ பாத்தா பள்ளம் அம்புட்டு ஆழம், தரையே தெரியல. ஒரு பக்கம் மண்ணெண்ண டின்னு, ஒரு பக்கம் தபால் மூட்ட. ரெண்டுல ஒன்ன அறுத்துவிட்டாத்தான் அது எந்திரிக்கும். மண்ணெண்ண போச்சுன்னா மேல இருக்குறவய்ங்க வெறச்சுப் போவாய்ங்க. தபால அறுத்துவிட்டேன். பறவ மாதிரி பறந்து போச்சு அம்புட்டுக் கடுதாசியும்.”

இந்த இடத்தில் சுபேதாராக இருந்த ஒருவர், “ஒரு கழுதைக்காக இன்னொரு கழுத செஞ்ச வேலையப் பாரு மாப்ள” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பெரியப்பாவும் சிரித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வார்.

“மேல போனா இருபத்தாறு பேரு நிக்கிறாய்ங்க. எனக்கு வந்துச்சா, எனக்கு வந்துச்சான்னு. இந்த வாரம் தபாலே வரலைன்னுட்டேன். கடைசி வரைக்கும் நெசத்தச் சொல்லல. அதுல யாரு வீட்ல புள்ள பொறந்துச்சோ, யாரு வீட்ல எழவு விழுந்துச்சோ.”

அதற்கு மேல் யாரும் சிரிக்க மாட்டார்கள். அடுத்தவர் தன் கதையைத் தொடங்குவார்.

சங்கத்துக்கு ஒரு மலர் போடுவதென்று அவர்கள் முடிவு செய்தபோது, எழுதித் தொகுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எல்லோருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் வாங்கி, எந்த வருடம் எந்த ஊரில் இருந்தார்கள் என்று கதையோடு ஒப்பிட்டேன். இரண்டு பேருக்கு ஊர்ப் பெயர் தவறு, ஒருவருக்கு வருடம் தவறு. பெரியப்பாவின் புத்தகத்தில் மலை என்பதே இல்லை. அவர் சேர்ந்த நாள் முதல் வெளிவந்த நாள் வரை சமவெளியில் இருந்த மூன்று கிடங்குகளில்தான் இருந்திருக்கிறார். நான்கு தடவை பார்த்தேன். வீட்டில் அவரிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். அவர் அடுத்த அறையில்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் சரிபார்ப்பு என்றால் அதை எல்லோர் முன்னிலையிலும் வாசித்து ஒப்புதல் வாங்குவது என்று எனக்கு ஒரு நடைமுறை இருந்தது.

அந்த ஞாயிறன்று ஒவ்வொரு பக்கமாக வாசித்துக்கொண்டு வந்தேன். பெரியப்பாவின் பக்கம் வந்ததும், வாசிக்காமல் அவரைப் பார்த்துச் சொன்னேன்: “பெரியப்பா, உங்க புக்குல மலைப் போஸ்டிங்கே இல்லையே. சர்வீஸ் முழுக்க டிப்போலதான இருந்திருக்கீங்க.”

மண்டபத்துக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், அவர் நிறுத்திக்கொண்டார். பெரியப்பா வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

“ஆமா தாயி. அது தப்பு. அடிச்சுரு.”

அடித்தேன். “அப்ப உங்களுக்கு நெசமா நடந்தது ஒன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றேன். ‘நெசமா’ என்ற அந்தச் சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்.

“எங்கிட்ட என்ன இருக்கு? டிப்போல சாமான் எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

மலர் அச்சாகி வந்தது. மற்ற பக்கங்களில் எல்லாம் கதை. பெரியப்பாவின் பக்கத்தில், பிறந்த ஊர், சேர்ந்த நாள், பணியாற்றிய மூன்று இடங்கள், ஓய்வு பெற்ற நாள். ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

புத்தகக் கட்டுகளை வாங்கப் போன அன்றுதான் மண்டபத்துக்காரர் என்னைத் தனியாக அழைத்தார். அவர் கையில் அந்தப் பக்கம் விரிந்திருந்தது.

“அது மேலூரான் கதை தாயி. உங்க பெரியப்பாவும் அவனும் ஒரே நாள்ல சேந்தவய்ங்க. நீ இங்க வர்றதுக்கு முன்னாடியே அவன் போய்ச் சேந்துட்டான். எங்கள்ல ஒருத்தன் போயிட்டா, இன்னொருத்தன் அவன் கதைய எடுத்துக்குவான். அவன் சொன்ன மாதிரியே, நான், நான்னுதான் சொல்லணும். அவன் சொன்னான்னு சொல்லக் கூடாது. அப்பத்தான் அவன் உக்காந்திருக்க மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மேலூரானே கேட்டுக்கிட்டான், என் முறைய நீ எடுத்துக்கன்னு. ஆளுக்கு ஒரு முறதான? உங்க பெரியப்பா தன் கதைய விட்டுட்டு அத எடுத்துக்கிட்டான்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா.”

“சொல்ல வந்தேன். அவந்தான் வேணாம்னுட்டான். இம்புட்டுப் பேரு முன்னாடி புள்ள தல குனிஞ்சு போகும்ல.”

நான் அவரை எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் எல்லோர் முன்னாலும் என்னைக் காப்பாற்றினார். இதை இத்தனை எளிதாக எழுத எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காலணிக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நீ எழுதுனது சரிதான தாயி. நான் அங்க இல்லதான்” என்றார். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றேன். மறுபடி ஒருமுறை சொல்லுங்கள் என்றேன். “சொன்னா, நீ பக்கத்துல உக்காந்திருக்கிறது நெனப்பு வந்துரும். முன்ன மாதிரி வராது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வண்டி இனி ஓடாது என்று மெக்கானிக் சொல்வதுபோல் சொன்னார்.

அதன் பிறகும் மாதந்தோறும் போய்வந்தோம். தன் முறை வந்ததும், “அடுத்த ஆளு சொல்லுங்க” என்பார். நான் நாட்குறிப்பை எடுத்துப்போவதை நிறுத்திவிட்டு, கீழே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதில் அவர் குரல் இருக்கிறதா என்று கவனிப்பேன்.

போன ஆவணியில் பெரியப்பா இறந்துபோனார். காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த முதல் ஞாயிறன்று மண்டபத்துக்காரர் போனில் அழைத்தார். “நீயும் வா தாயி” என்றார். தனியாகப் போனேன். அவருடைய நாற்காலியை எடுக்காமல் வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

முறை சுற்றி வந்தது. பெரியப்பாவின் இடம் வந்ததும் மண்டபத்துக்காரர் எழுந்தார். தன் கதையை அன்று சொல்லப்போவதில்லை என்றார். பிறகு நின்றபடியே, “கழுதைக்கு பின்னங்காலு ரெண்டும் வழுக்கிருச்சு” என்று தொடங்கினார். சுபேதார் தன் வரியைச் சரியான இடத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தாறு பேர் சாவடி வாசலில் நின்றார்கள். மேலூர்க்காரருக்கு அவருடைய முறை திரும்பக் கிடைத்தது.

சொல்லி முடித்து உட்கார்ந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“இது மேலூரானுக்கு. இனிமே உங்க பெரியப்பாவுக்கு ஒருத்தன் எடுக்கணும். அவன் கதைய இங்க சொல்லியே ரொம்ப நாளாச்சு. அப்ப கேட்டவய்ங்கள்ல பாதிப் பேரு இல்ல. இருக்குறவய்ங்களுக்கு நெனப்பு இல்ல. டிப்போல ஏதோ ஒரு மழைன்னு வரும். வீட்ல சொல்லியிருப்பான்ல தாயி? நீ ஒரு தடவ சொல்லு, நாங்க யாராச்சும் எடுத்துக்கிறோம்.”

பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா சேர்ந்த தேதி எனக்குத் தெரியும். அவருடைய உயரம், இடது தோளில் இருந்த மச்சம், எந்தெந்த வருடம் எத்தனை நாள் விடுப்பில் வந்தார் என்பது எல்லாம் தெரியும். காளவாசலிலிருந்து தெப்பக்குளம் வரை என் முதுகுக்குப் பின்னால் அத்தனை ஞாயிறுகள் உட்கார்ந்து வந்தார். ஒரு சிக்னலில் நின்றபோதாவது திரும்பிக் கேட்டிருக்கலாம்.

“எனக்குத் தெரியாது மாமா” என்றேன்.

அவர்கள் அவசரப்படுத்தவில்லை. எனக்கு ஏதாவது நினைவு வரக்கூடும் என்று காத்திருந்தார்கள். கீழே யாரோ அண்டாவை உருட்டிக்கொண்டு போனார்கள். டீ ஆறி ஆடை படிந்தது. நான் ‘மழை’ என்ற அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் மழை, யார் நனைந்தார்கள், ஒன்றும் வரவில்லை.

கடைசியில் சுபேதார் மெல்ல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, அடுத்த கதையைத் தொடங்கினார்.