குழியடிப் பூங்கா

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்கு வழி கேட்டாலும் "குழியடிக்குப் போய் அங்க நிண்டு கேளுங்கோ" என்றுதான் சொல்வார்கள். ஓர்ஸ் ஹில் குன்றின் சரிவு முடிந்து, உள்துறைமுகத்தை நோக்கித் தரை தாழும் இடத்தில், எங்கள் வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த வெறுங்காணி அது. உலக யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர் தண்ணீர்த் தாங்கி கட்டவென்று அதன் நடுவில் பெரிய குழியொன்று வெட்டினார்களாம். தாங்கி வரவில்லை. யுத்தம் முடிந்தது. பிறகு வெள்ளைக்காரரின் கடற்படையும் கப்பலேறிப் போய்விட்டது. குழி மட்டும் போகவில்லை. ஊர்க் குப்பையெல்லாம் அதைச் சுற்றி வந்து சேர்ந்தது. கோடையில் நாய்களும் மாரியில் தவளைகளும் அந்த இடத்தை ஆண்டன.

கடற்படை போனபோது எங்கள் ஒழுங்கையின் அரைவாசிப் பேருடைய சம்பளமும் அதோடு போனது. என் அப்பா துறைமுகத்தில் சங்கிலியும் கம்பிக்கயிறும் பூட்டும் வேலையில் இருந்தவர். வேலை போன பின் கிடைத்த கூலிக்குப் போவார். கிடைக்காத நாட்களில் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடி இருப்பார். அவருடைய தங்கை, என் மாமி, அடுத்த வீட்டில் இருந்தார். மாமியின் கணவர் சிங்கப்பூரில் வேலை இருக்கிறதென்று போனவர். பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மாமி ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுத்துத் தன் ஒரே மகனை வளர்த்தார். அவன் என்னைவிடச் சிறியவன். பாதி நாள் எங்கள் குசினியில்தான் அவனுக்குச் சாப்பாடு.

ஒரு மார்கழி மாரியில் அவன் அந்தக் குழியில் விழுந்து இறந்தான். விளையாடப் போன பிள்ளையைப் பின்னேரமாகியும் காணவில்லை என்று ஒழுங்கையே தேடியது. சேற்றுத் தண்ணீருக்குள் இறங்கி அவனை வெளியே எடுத்தவர் அப்பா. அப்பாவின் தோளில் அவன் நித்திரையானவன் போலத்தான் கிடந்தான். என்னைக் கிட்டப் போகவிடவில்லை.

விசாரணைக்கு வந்த ஊர் அதிகாரியான விதானையார், குழி யாருடைய காணியில் இருக்கிறது என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மாமியும் அப்பாவும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள். ஒரு கந்தோரில் அது கடற்படையின் நிலம் என்றார்கள். அடுத்ததில், கடற்படை அதை எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டது என்றார்கள். யாரிடம் கொடுத்தது என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. கடைசியாக ஒரு பெரிய உத்தியோகத்தர் மாமியைக் கதிரையில் இருத்தி, தேநீரும் வரவழைத்துக் கொடுத்து, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புத்தி சொல்லி அனுப்பினாராம். மாமி அந்தத் தேநீரைக் குடித்தாரா என்று அம்மா கேட்டார்.

"குடிச்சவள்," என்றார் அப்பா. "குடிச்சு முடிச்சு, கோப்பையையும் கழுவி வைச்சிட்டு வந்தவள்."

அதன் பிறகு சில கிழமைகள் மாமி வெளியே வரவில்லை. வந்த அன்று அவர் தலையில் ஓர் ஓலைக் கடகம் இருந்தது. ரெயில் நிலையத்தில் எஞ்சின்கள் கொட்டிய கரிச்சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து குழிக்குள் கொட்டினார். திரும்பிப் போனார். மறுபடியும் கொண்டுவந்து கொட்டினார். கரி வழிந்த முகத்தோடு அவர் ஒழுங்கையால் நடந்து போவது அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. "உங்கட தங்கச்சிக்கு விசர் எண்டு சனம் கதைக்குது," என்று அப்பாவிடம் முறையிட்டார். சனம் அப்படித்தான் கதைத்தது. அவ்வளவு பெரிய குழிக்கு ஒரு கடகம் சாம்பல் எந்த மூலைக்கு என்று சிரித்தவர்களும் உண்டு.

சிரிக்காதவர் இரும்பு நானா ஒருவர்தான். கிண்ணியாவிலிருந்து வந்து, கடற்படை விட்டுப்போன பழைய இரும்பை ஏலத்தில் எடுத்து, லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறவர். இனிமையான மனிதர் என்று சொல்ல முடியாது. தன் இரும்பைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அவர் ஏசும் ஏச்சை இங்கே எழுத ஏலாது. ஒருநாள் காலை அவர் மாமிக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்தினார்.

"தங்கச்சி, இதென்ன வேல?"

"குழியை மூடுறன், நானா."

"ஒத்தையாவா?"

"என்ர பிள்ளை ஒத்தையாத்தானே விழுந்தவன்."

நானா லொறியை எடுத்துக்கொண்டு போனார். அன்று பின்னேரம் அவருடைய லொறி, எங்கோ இடித்த கட்டடத்தின் கல்லையும் கொங்கிறீட்டுத் துண்டுகளையும் கொண்டுவந்து குழிக்குள் சரித்தது. மறுநாளும் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் ஒழுங்கை ஆண்களுக்கு வெட்கம் வந்தது. மண்வெட்டிகளோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் அப்பா.

குழி நிரம்பியதும் வேலை நிற்கும் என்று நினைத்தோம். மாமி விடவில்லை. வெறுமனே விட்டால் திரும்பவும் குப்பைதான் கொட்டுவார்கள், பிள்ளைகள் விளையாட ஓர் இடமாக்க வேண்டும் என்றார். நானாவின் முற்றத்தில், கொழும்பில் விலைபோகாது என்று ஒதுக்கிய சாமான்கள் குவிந்து கிடந்தன. அவற்றை அவர் எங்களுக்கு ஏசிக்கொண்டே தந்தார். கப்பல் கிடங்கின் வாயை மூடும் தடித்த பலகைகள் குந்தியிருக்கும் வாங்குகளாயின. தார்ப் பீப்பாக்களை வெட்டித் தட்டையாக்கி, வரிசையாக நட்ட பூவரசங் கதியால்களுக்கு இடையே வேலியாக நிறுத்தினார்கள். அடி பிளந்த உயிர்காப்புப் படகு ஒன்றை எல்லோருமாக இழுத்துவந்து மண்ணில் பாதி புதைத்தார்கள். அதிலேறி நாங்கள் போகாத தேசமில்லை. அப்பா தன் பழைய வேலைக்குத் திரும்பியவர் போல, நாலு இரும்புக் குழாய்களை நட்டுச் சங்கிலி பூட்டி ஓர் ஊஞ்சல் கட்டினார். அது அறாது என்று காட்டுவதற்காக ஒழுங்கையிலேயே மிகப் பருத்த மனிதரை அதில் இருத்தி ஆட்டினார். அன்று அவர் சிரித்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. கிடைத்த வர்ணம் கடற்படையின் சாம்பல் நிறம் ஒன்றுதான். ஆகவே வாங்கும் வேலியும் படகும் ஊஞ்சலும் எல்லாம் சாம்பல் நிறம். நாங்கள் அதைப் பெருமையோடு பூங்கா என்றோம்.

பின்னேரங்களில் பெண்கள் அங்கே வந்து தலை உலர்த்தினார்கள். கடற்காற்று வாங்க அடுத்த தெருவாரும் வந்தார்கள். மாமி மட்டும் எந்த வாங்கிலும் இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் கூட்டுவார். பின்னேரத்தில் வேலியோரம் நின்று, கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குப் போன பிறகே தன் வீட்டுக்குப் போவார். இடைக்கிடை யாராவது பெரியவர்கள் அந்தப் பக்கம் வந்தால், "இந்தக் காணி ஆருடைய எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

குழியாகக் கிடந்த காணியைத் தேடி யார் வருவார்கள்? மேடாக்கி, வேலியும் அடைத்த பிறகு அது கண்ணுக்குத் தெரிந்தது. ஒருநாள் காலை, கடைத்தெருவில் பெரிய வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் கறுப்புக் காரில் வந்து இறங்கினார். கூட வந்த நில அளவையாளர் படகுக்கு மேலால் அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடித்தார். முதலாளி மரியாதையான மனிதர். பூங்காவைச் சுற்றிப் பார்த்து, "நல்லா வைச்சிருக்கிறீங்கள்" என்று எங்களைப் பாராட்டினார். காணி தன்னுடையது என்றும், காணி உறுதிப் பத்திரம் கையில் இருக்கிறது என்றும், சாமான் அடுக்கும் ஸ்டோர் ஒன்று கட்டப்போவதாகவும் அமைதியாகச் சொன்னார்.

எனக்கோ பெரிய சந்தோசம். மாமி இவ்வளவு காலமும் தேடிய ஆள் தானாகவே வந்துவிட்டாரே. "மாமி, காணிக்காரர் வந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மாமி தையல் மெசினை விட்டெழுந்து, கழுத்தில் தொங்கிய அளவுநாடாவோடு அப்படியே வந்தார்.

"ஐயா, இது உங்கட காணியோ?"

"ஓம் பிள்ளை. எங்கட அப்பற்ற காலத்துக் காணி. பட்டாளம் எடுத்து, திருப்பித் தந்து கனகாலம்."

"இடையில ஆருக்கும் வித்தனீங்களோ?"

"சீச்சீ. ஒருநாளும் இல்லை. எப்பவும் எங்கடதான்."

"அப்ப குழி கிடந்த நேரத்திலயும் உங்கடதான்."

"அதென்ன கேள்வி?" என்று முதலாளி சிரித்தார். "ஓம்."

"என்ர பிள்ளை உங்கட காணியிலதான் செத்தவன், ஐயா."

முதலாளியின் சிரிப்பு சற்று நேரம் முகத்திலேயே நின்றது. நில அளவையாளர் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார். கூடியிருந்த பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். காரைக் கண்டு வந்திருந்த இரும்பு நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். காணிக்காரர் கிடைத்ததற்கு ஏன் எல்லோரும் செத்த வீட்டில் நிற்கிறவர்கள் போல நிற்கிறார்கள் என்று நான் யோசித்தேன்.

மாமி கோட்டில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரிடம் போனார். வழக்கு வைக்கலாம், ஆனால் அந்தக் குழிக்கு வேலியோ மூடியோ இருக்கவில்லை என்றும், பிள்ளையை அதற்குள்ளிருந்துதான் எடுத்தது என்றும் கண்ட ஆள் வந்து சொல்ல வேண்டும் என்றார் அவர். கண்ட ஆள் அப்பா. "வாறன் தங்கச்சி, நான் வராமல் ஆர் வாறது?" என்று அப்பா சொன்னார். அவர் அதை மனதாரச் சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அடுத்த கிழமை கறுப்புக் கார் ஒழுங்கை முனையில் வந்து நின்றது. அப்பாவைக் கூப்பிட்டார்கள். கார்க் கண்ணாடியோரம் குனிந்தபடி நெடுநேரம் நின்ற அப்பா, திரும்பி வந்து நேரே குசினிக்குள் போனார். அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"செத்த பிள்ளை இனி வரப்போறதில்லை. இருக்கிற பிள்ளை சாப்பிட வேணும்."

இருக்கிற பிள்ளை நான்தான் என்பது எனக்கு விளங்கியது. வீட்டில் இனிச் சாப்பாட்டுக்குக் குறையிருக்காது என்பதும் விளங்கியது. அவ்வளவுதான் விளங்கியது.

பிரக்கிராசியாரிடம் போகவேண்டிய நாளன்று அப்பா போர்வையால் மூடிக்கொண்டு படுத்திருந்தார். மாமி வெளுத்த சேலை உடுத்து வாசலில் வந்து நின்றார். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னார். நான் போய் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. "சுடேல்லையே அம்மா," என்றேன். அது உள்காய்ச்சல், வெளியே தெரியாது என்றார் அம்மா. அப்படியும் ஒரு காய்ச்சல் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். மாமி உள்ளே வந்து பார்க்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு இரும்பு நானாவோடு போனார். பிள்ளையை எடுத்ததைக் காணாத நானாவால் ஆவதொன்றும் இல்லை என்று பிரக்கிராசியார் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஸ்டோர் வேலை தொடங்கியபோது அங்கே மேற்பார்வை செய்ய அப்பாவை வைத்தார்கள். அவருடைய முதல் வேலை, இருந்ததையெல்லாம் அகற்றிக் காணியை வெளியாக்குவது. தான் பூட்டிய சங்கிலியைத் தானே கழற்றினார். முதலாளி தாராளமானவர், பலகைகளை ஒழுங்கைச் சனமே எடுத்துக்கொள்ளலாம் என்றார். மாமியைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள்தான் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். படகைக் கோடரியால் பிளந்தார்கள். அது பல நாள் விறகாக எரிந்தது. இரும்பு நானா தன் லொறியை வேறு வழியால் கொண்டுபோகத் தொடங்கினார். அப்பா எதிர்ப்பட்டால் காறித் துப்புவார்.

மாமி தம்பலகாமத்தில் இருந்த தூரத்து உறவினர் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். வயல்காரர், வீட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டவர்கள். பஸ் ஏற்றிவிட நானும் அப்பாவும் போனோம். அப்பா புதுச் சேட்டுப் போட்டிருந்தார். பாணும் வாழைப்பழமும் வாங்கி யன்னலால் நீட்டினார். மாமி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "கவனம் தங்கச்சி," என்றார் அப்பா. பஸ் உறுமத் தொடங்கியதும் மாமி என்னைக் கையால் கூப்பிட்டார்.

"அப்பாவிட்ட ஒண்டும் கேக்கக் கூடாது. என்ன?"

"ஓம் மாமி," என்றேன்.

மிட்டாய், ரிப்பன், புதுச் செருப்பு என்று கேட்டு அப்பாவைக் கரைச்சல் படுத்தக்கூடாது என்று மாமி சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றினேன். கஷ்டம் தெரிந்த பிள்ளை என்று அம்மா அயலாரிடம் என்னைப் புகழ்ந்தார். அப்பாவோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சில வேளைகளில் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார்.

"பிள்ளைக்கு அப்பாவிட்ட ஏதும் கேக்க வேணுமோ?"

"இல்லையப்பா, ஒண்டுமில்லை," என்பேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு மீண்டும் சோற்றைப் பிசைவார். நல்ல பிள்ளை என்று ஏன் அவர் சொல்லவில்லை என்று எனக்கு மனத்தாங்கலாக இருக்கும்.