நானே வெட்டிய வளைவு

நெரவியில் எங்கள் தரிசு நிலத்தில், பைக் பந்தயத்துக்காக நான் போட்டுவந்த மண் டிராக்கை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று காலை அதன் பெரிய வளைவை நானே வெட்டிவிட்டேன்.

நாலைந்து நாளாக விடாத மழை. பக்கத்து வயல் மல்லிகா அக்கா வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, ஒங்க மேடு மறிச்சு எங்க வயல்ல தண்ணி வடியவே இல்ல. கொஞ்சம் வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். வேகமாகத் திரும்புவதற்காக நான் உயர்த்திக் கட்டிய வளைவு, வடிகாலுக்குத் தண்ணீர் போகும் வழியை அடைத்திருந்தது. புதிதாக நட்ட பயிர் முழுதும் மூழ்கிக் கிடந்தது.

“மத்தியானம் ஜேசிபி வரச் சொல்றேன்க்கா.”

“அதுவரைக்கும் பயிரு தாங்காது தம்பி.”

ஆளுக்கொரு மண்வெட்டியுடன் இறங்கினோம். மாதக்கணக்கில் நான் தண்ணீர் தெளித்து இறுக்கிய மண், லேசில் விடவில்லை. ஒருவழியாகத் தண்ணீர் வடிந்தபோது, பாதிப் பயிர் அழுகிச் சாய்ந்திருந்தது.

திட்டுவார் என்று நின்றேன்.

“ஆசையா கட்டுனீங்களே தம்பி, போச்சே” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

அக்காவுக்கு மறுநடவு செய்ய வேண்டும். யாரிடமாவது நாற்று மிச்சம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு வருவதாகச் சொன்னவர்கள் அப்படியே வாருங்கள். ஹெல்மெட் வேண்டாம், நாற்றுக்கட்டு தூக்க வேண்டும்.