கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கொழுக்கட்டை

"கொழுக்கட்டைய ஆவியில வச்சா வெடிக்கல. மண்ணுல செஞ்சு சூளையில வச்சா மட்டும் ஏன் பாப்பா வெடிக்கணும்?" என்று வெள்ளையம்மா அக்கா என்னைக் கேட்டார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு தேறியிருந்தும் எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

அக்கா, மலாய் நாட்டில் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருடமாகப் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். "நான் செஞ்சதுன்னு காட்ட ஒரு சாமான் இல்ல" என்று அடிக்கடி சொல்வார். 1934இல் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி செல்லப்பாக்கியம் டீச்சர், ஞாயிறு மதியங்களில் பெண்களுக்கு மண் வேலை வகுப்பு தொடங்கினார். கிறிஸ்துமஸ் மரமாக ஜெபக்கூடத்தில் நிறுத்தும் சவுக்குக் கிளைக்குத் தொங்கட்டான்கள் வேண்டுமாம். மண்ணே தொட்டறியாதவர்களும் வரலாம் என்றதால் அக்கா முதல் ஆளாகச் சேர்ந்தார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் போனேன்.

ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளைச் சுடும் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், வகுப்புக்குத் தம் கொட்டகையில் இடமும் சூளையில் ஒரு மூலையும் தந்தார். அக்டோபரை விட்டால் அடுத்த சூளை ஜனவரியில்தான். எங்கள் சாமானால் ஒரு மங்கு உடைந்தாலும் வகுப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

நாங்கள் தட்டையாக நட்சத்திரம் வெட்டினோம். அக்கா மட்டும் மண்ணைக் கிண்ணமாகக் குழித்து, விளிம்பை மடித்து ஒட்டி, உச்சியில் கூர் வைத்துப் பன்னிரண்டு செய்தார்.

"ஏசு பாலனுக்குக் கொழுக்கட்டையோ, வெள்ளையம்மா?" என்று டீச்சர் சிரித்தார்.

"புள்ள பொறந்த வீட்டுக்கு வெறுங்கையோடயா போறது, டீச்சர்?"

சூளை வாயை அடைத்து நெருப்பு மூட்டிய பிறகுதான் தவுக்கே கேட்டார், உள்ளே காலியாக மூடிய உருண்டை எதுவும் இல்லையே என்று. இருந்தால் அது வெடித்துப் பக்கத்தில் உள்ளதையும் உடைத்துவிடுமாம். அக்காவின் பன்னிரண்டும் அப்படித்தான் என்று டீச்சருக்கு உறைத்தது. திறக்கலாமா என்று மலாயில் கேட்டார்.

"தா போலே லா," என்று தவுக்கே கையை விரித்தார். முடியாது.

ரப்பர் காய் முற்றி வெடிக்கும் காலம் அது. தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது பார்த்தேன். ஒவ்வொரு காய் 'டப்' என்று வெடிக்கும்போதும் பக்கத்து மர வரிசையில் அக்கா கத்தியை அப்படியே நிறுத்திவிடுவார். "என்னால உங்க எல்லாருக்கும் வகுப்பு போயிருமே" என்றார். அப்போதுதான் அந்தக் கொழுக்கட்டைக் கேள்வியையும் கேட்டார்.

சூளை திறந்த ஞாயிறன்று அவர் வர மாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்துப்போனேன். மங்குகள் வரிசை வரிசையாக வெளியே வந்தன, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கடைசியாகப் பன்னிரண்டு கொழுக்கட்டைகளும் முழுசாக வந்தன.

"ஐயோ, என்ர நட்சத்திரத்துக்குத்தான் கால் முறிஞ்சு போச்சு!" என்றார் டீச்சர். அக்கா தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

தவுக்கே ஒன்றைத் திருப்பிப் பார்த்து, உச்சியில் இருந்த ஓட்டையைக் காட்டினார். நூல் கோக்க அக்கா குடைக் கம்பியால் குத்தியது. அந்த ஓட்டை உள்கூடு வரைக்கும் இறங்கியிருந்தது. மண்ணின் ஈரம் ஆவியாகி அதன் வழியே போய்விட்டது. எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மாவு இளகி விரிந்துகொடுக்கும், மண் விரிந்துகொடுக்காது, ஆவி போக வழி விடவேண்டும்: அக்காவுக்கு நான் அன்று சொல்ல முடியாத பதில் இதுதான். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார் தவுக்கே.

கிறிஸ்துமஸ் அன்று சவுக்குக் கிளையின் கீழே நின்று, வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொன்னார்: "இது நான் செஞ்சது."

இதைப் படிக்கிறவர்களே, புதிதாக மண்ணில் கை வைக்கிற யாரையாவது கண்டால் வெள்ளையம்மா அக்காவின் கதையைச் சொல்லுங்கள். அந்த ஓட்டையையும் மறக்காமல் சொல்லுங்கள்.